நெஜ்லா காத்த குகை

நெஜ்லா இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் குகை வாசலை மறித்து நின்றாள்.

பத்தடி தள்ளி, அவள் தம்பி இல்யாஸ் படகில் நின்றிருந்தான். கையில் இரட்டைக்குழல் துப்பாக்கி.

காலை பத்து மணி. நவம்பர் வெயில் நன்றாகவே அடித்தது. தண்ணீர்தான் எலும்பைக் கடித்தது.

இல்யாஸின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. இந்த மாதத்தில் மட்டும் மூன்று முறை கடல்நாய் அவன் வலையைக் கிழித்து, சிக்கியிருந்த மீனைத் தின்றுவிட்டுப் போயிருந்தது. மூன்று முறையும் கிழிசலைத் தைத்துக் கொடுத்தவள் நெஜ்லாதான். அவள் விரலெல்லாம் வெட்டு.

அதோடு போயிருந்தால் அவன் பொறுத்திருப்பான். துறைமுகத்துத் தேநீர்க்கடையில் வேலையற்றதுகள் சும்மா இருக்குமா? அக்கா திருடனுக்குக் காவல், தம்பி திருடனுக்கு விருந்து என்று இன்று காலை ஒருவன் எடுத்துவிட, கடையே சிரித்ததாம். இவன் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோய்த் துப்பாக்கியை எடுத்துவிட்டான் என்று அவன் மனைவிதான் ஓடிவந்து சொன்னாள்.

கடல்நாய்களைக் கண்காணிக்கும் தொண்டர்கள் இந்தக் கரையில் ஏழு பேர். மெர்சின் நகரத்திலிருந்து ஒரு பெண் வந்து பழக்கிவிட்டுப் போயிருந்தாள். ஆளுக்கொரு பாறை, ஒரு நோட்டு, ஒரு தொலைநோக்கி. மற்ற ஆறு பேரும் புதர் மறைவில், இருக்கிற இடம் தெரியாமல் உட்காருவார்கள். நெஜ்லா மட்டும் சிவப்புத் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு இந்தக் குகைக்கு மேலே மொட்டைப் பாறையில் உட்காருவாள்.

"குட்டி போட்ட இடத்தை ஊருக்கே காட்டிக் கொடுத்தது நீதானே அக்கா, கலங்கரை விளக்கு மாதிரி உச்சியில உக்காந்து? இப்ப வந்து எதுக்கு மறிக்கிற? தள்ளு."

"தள்ள மாட்டேன். குழல் ரெண்டு இருக்குல்ல? ஒண்ணு எனக்கு, ஒண்ணு அதுக்கு. முதல்ல என்னைச் சுட்டுட்டு உள்ள போ."

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் கால்களை அழுத்தி ஊன்றிக்கொண்டாள்.

அது உனக்கு யார், நான் உனக்கு யார் என்று கேட்டான் இல்யாஸ். அம்மா போன பிறகு அவனைத் தோளில் போட்டு வளர்த்தவள் அவள். அந்தக் கேள்வி நன்றாகவே வலித்தது.

"நீ என் தம்பி. அதனாலதான்டா போலீஸைக் கூட்டிட்டு வராம ஒத்தையா வந்து நிக்கிறேன்."

அவன் துப்பாக்கியைத் தூக்கினான். அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வானத்தைப் பார்த்துச் சுட்டான்.

சத்தம் குகைக்குள் போய் முட்டித் திரும்பியது. பாறை இடுக்கிலிருந்த புறாக்கள் கலைந்து பறந்தன. நெஜ்லா கைகளை இன்னும் அகலமாக விரித்தாள்.

நாளைக்கும் வருவேன் என்று கத்திவிட்டு அவன் என்ஜினைக் கிளப்பினான். வா, நாளைக்கும் இங்கேதான் நிற்பேன், வரும்போது வலையைக் கொண்டுவா, தைத்துத் தருகிறேன் என்று இவளும் கத்தினாள்.

படகு முனை திரும்பி மறையும்வரை அவள் வாசலைவிட்டு நகரவில்லை.

பிறகு பாறைமேல் ஏறி, நோட்டைத் திறந்து எழுதினாள். தேதி. காற்று, வடக்கு. அலை, குறைவு. தொந்தரவு: படகு ஒன்று, வெடி ஒன்று.

கடல்நாய்: இல்லை.

நேற்றும் இல்லை. அதற்கு முந்தைய அறுபது நாளும் இல்லை. இந்தக் குகையில் புறாக்களைத் தவிர எதுவும் குடியிருந்ததே இல்லை.

அது குட்டி போட்டது தெற்கே, இரண்டு முனை தாண்டி, வேறொரு குகையில். செப்டம்பரில் அது வாயும் வயிறுமாக உள்ளே நுழைந்ததை நெஜ்லா ஒருத்திதான் பார்த்தாள். மெர்சின் பெண்ணிடம்கூடச் சொல்லவில்லை. மறுநாளே வந்து இந்த மொட்டைப் பாறையில் உட்கார்ந்துவிட்டாள்.

இல்யாஸ் மட்டும் இன்று உள்ளே எட்டிப் பார்த்திருந்தால் எல்லாம் போயிருக்கும். ஒவ்வொரு குகையாகத் தேட ஆரம்பித்திருப்பான்.

குட்டி இந்நேரம் நீந்தப் பழகியிருக்கும். அதை ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை.

ஊர்க்கண் முழுக்க அவள்மேல்தான் இருந்தது. அவள் பாவாடையைப் பிழிந்துவிட்டு, தெற்குப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், வெறும் குகைக்குக் காவலாக உட்கார்ந்தாள்.