ஞாயிற்றுக்கிழமை ரிப்பேர்

"நைனா, மறுபடியும் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா வருது. கொஞ்சம் வந்து பாக்கறியா?"

கோயிலில் பழக்கமான கிறிஸ்துராஜ் அங்கிள் போனில் கேட்டதும் லிபின் அலுத்துக்கொள்வதுபோல் ஒரு பெருமூச்சு விட்டான். விட்ட கையோடு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியும் விட்டான்.

சென்னை மேனாம்பேட்டில் கிறிஸ்துராஜ் வீட்டுக் கம்ப்யூட்டர் புதுசு. தெரு ஜெபக் கூட்டத்துக்குப் பாட்டு டைப் அடிக்க அவர் டவுன்லோடு செய்த பழைய தமிழ் சாஃப்ட்வேர் அதில் ஒழுங்காக ஓட அடம்பிடித்தது. பழைய விண்டோஸில் ஓடுவதுபோல் ஓடு என்று செட்டிங்ஸில் ஒரு டிக் போட்டால் போதும், சமர்த்தாக ஓடும்.

லிபின் ஞாயிறுதோறும் வந்து அந்த டிக்கைப் போடுவான். அவர் மனைவி ரோஸி ஆன்ட்டி விடாப்பிடியாக உட்காரவைத்து மட்டன் பிரியாணி போடுவார். சாப்பிட்டுக் கை கழுவியதும், கடைசியாக ஒருதரம் பார்த்துவிடுகிறேன் என்று போய் அதே டிக்கை எடுத்துவிடுவான். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வேலைதான்.

வேறென்ன செய்வான்? ஐ.டி. வேலை போய்விட்டது. மார்த்தாண்டத்தில் இருக்கும் அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. வாரம் முழுக்க ரூமில் பன்னும் டீயும்தான். சாப்பிட வா என்று யாராவது கூப்பிட்டால் போகக் கூசியது. ரிப்பேர் பண்ண வா என்றால் தலைநிமிர்ந்து போகலாம்.

ஆனாலும் மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் கொட்டிவிட்டான். ஃபாதருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"பரிகார ஜெபமெல்லாம் அப்புறம். முதல்ல போய் அதைச் சரி பண்ணு" என்றார்.

மறுநாள் டிக்கைப் போட்டான். எடுக்கவில்லை. இனிமேல் தொந்தரவு கொடுக்காது அங்கிள் என்று சொன்னான். கடைசிப் பிரியாணி அல்லவா, அழுகையே வந்துவிட்டது அவனுக்கு.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்து, ரெண்டு டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டான். போன் அடித்தது.

"நைனா, மறுபடியும் கட்டம் கட்டமா வருது."

ஓடிப்போய்ப் பார்த்தால், டிக்கைக் காணோம். தான் எடுக்கவில்லை என்பது மட்டும் அவனுக்கு நிச்சயம். இதற்குமேல் மறைக்க மனசு வரவில்லை.

"அங்கிள், ஒண்ணு சொல்லணும். இத்தனை வாரமா இதைக் கெடுத்துட்டுப் போனது நான்தான்."

கிறிஸ்துராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரோஸிதான் தட்டில் பிரியாணியை அள்ளி வைத்தபடி சொன்னார்.

"அது எங்களுக்கு எப்பவோ தெரியும்பா. போன வாரம் நீ கெடுக்காம பூட்ட. அந்த ஒரு டிக்க எடுக்கறதுக்கு உங்க அங்கிளுக்கு அரை நாள் ஆச்சு. இனிமே மறக்காம நீயே எடுத்துட்டுப் போ."