வாலில் கட்டிய சிவப்பு நூல்

அணிலுக்குச் சதுரங்கம் என்றால் உயிர். ஆனால் காலையெல்லாம் இரை தேடி அலைந்துவிட்டு, ஆற்றைக் கடந்து போட்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் அதற்குக் கண் சொருகிவிடும். வருடா வருடம் அக்கரை நீர்நாய்தான் ஜெயித்தது.

பலாத்தோப்பு யானைக்கு இது பொறுக்கவில்லை.

"சாப்பாடு என் பொறுப்பு. ஆந்தைகிட்ட பயிற்சி எடுத்துக்க. அக்கரைக்கு நானே தூக்கிட்டுப் போறேன். ஆனா என் நெத்தியில தொங்கற இந்தச் சிவப்பு முகபடாத்தைப் போர்த்திக்கிட்டுதான் ஆடணும். யார் வீட்டு அணில்னு நாலு பேருக்குத் தெரியணுமில்ல?"

அணில் போர்த்திப் பார்த்தது. துணிதான் இருந்தது, அணிலைக் காணவில்லை.

"ஐயா, இதுக்குள்ள இருந்தா எனக்குப் பலகையே தெரியாது. இதிலிருந்து ஒரு நூல் குடுங்க, வாலில் கட்டிக்கிறேன். நான் ஜெயிச்சா எல்லாரும் அதைத்தான் பார்ப்பாங்க."

யானை சிரித்துக்கொண்டே ஒரு சிவப்பு நூலை உருவிக் கொடுத்தது.

அந்த வருடம் நீர்நாய் தோல்வியை ஒப்புக்கொண்டு, தன் ராஜாவைத் தானே சாய்த்துவிட்டு எழுந்து போனது. கரையெங்கும் சிவப்பு நூலைப் பற்றியே பேச்சு.

திரும்பும்போது யானை பூரித்துப்போய், "என்ன வேணும், கேளு" என்றது.

"நூல்தான் ஐயா. நிறைய வேணும்."

"உனக்கு இருக்கறது ஒரு வால்தானே?"

அணில் இக்கரையைக் காட்டியது. மரத்தடியெங்கும் அணில்கள் மண்ணில் கட்டம் கீறி, கொட்டைகளை ராஜாவும் சிப்பாயுமாக வைத்து ஆடிக்கொண்டிருந்தன.