இரண்டாவது சாட்சி

இருபத்தொன்பதாவது நோன்பு முடிந்த மாலை மேற்கே பிறையைக் கண்டேன். சுவர்த் தகராறில் ஆறு வருடமாகப் பேசாத என் தம்பி கலந்தர், பக்கத்து மாடியிலிருந்து அண்ணனான என்னைக் கூப்பிட்டுக் கை நீட்டி, "காக்கா, அந்தா!" என்றான். நான் வாயெடுப்பதற்குள் பிறை இறங்கிவிட்டது.

நாளை பெருநாள் என்று அறிவிக்கப் பள்ளிவாசலில் இரண்டு சாட்சி கேட்டார்கள். நான் கண்டதைச் சொன்னேன். "மீராசா காக்காவுக்குக் கண்ணுல புரை. தெரு வெளக்கப் பாத்தாலும் பிறைம்பாரு" என்று ஒருவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். யாரையும் நம்பாத நான் இரண்டாவது சாட்சியாகத் தம்பியைக் கை காட்டினேன்.

"நான் ஒண்ணும் பாக்கலியே" என்றான்.

மறுநாளும் ஊரே நோன்பு; நானும்தான். நண்பகலில் அவன் வீட்டுப் பின்கதவைத் தள்ளினேன். சோறு தின்றுகொண்டிருந்தான்.

"பெருநாளன்னைக்கு நோன்பு புடிக்கக் கூடாதுல்ல, காக்கா" என்று தட்டை என் பக்கம் நகர்த்தினான்.

என் வெட்கங்கெட்ட வயிறு பசித்தது.