ஹெரன் லேக் பங்குகள்

"மறுபடியும் ஹெரன் லேக்கா? வேண்டவே வேண்டாம்!"

கொலெட் பேனாவை மேஜைமேல் போட்டாள். எதிரே கிழவர் ரெய்யோ தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி ஹெல்வி.

"அறுநூறு டாலருக்கு வாங்கிடும்மா. இன்னைக்கே வாங்கணும்" என்றார் ரெய்யோ, மூன்றாவது தடவையாக.

கனடாவின் சுரங்க ஊரான சட்பரியில் பதினைந்து வருஷமாகப் பங்கு ஆலோசனை சொல்லிப் பிழைக்கிறவள் கொலெட். எத்தனையோ பிடிவாதக்காரர்களைப் பார்த்துவிட்டாள். இவரைப் போல ஒருவரைப் பார்த்ததில்லை.

மற்ற விஷயங்களில் தங்கமான மனிதர்தான். பாங்குப் பங்கு வாங்குங்கள் என்றாள், வாங்கினார். ரயில்வேயை விற்காதீர்கள் என்றாள். சந்தை சரிந்து ஊரே அலறியபோதும் விற்கவில்லை. ஆனால் ஹெரன் லேக் நிக்கல் சுரங்கம் என்று வந்தால் மட்டும் அவருக்குக் காது கேட்காது. வருஷா வருஷம் விலை இறங்கும். இறங்க இறங்க இவர் வந்து இன்னும் கொஞ்சம் வாங்குவார்.

"போன வருஷம் என்ன சொன்னேன்? விழுந்துட்டே இருக்கிற பங்கைப் பிடிச்சுத் தொங்காதீங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னே."

"அதுக்கு முந்தின வருஷம்?"

"அப்பவும் சொன்னே."

"டிவிடெண்டுன்னு ஒத்தைக் காசு குடுத்திருக்கானா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு?"

ரெய்யோ தொப்பியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இந்த அறுநூறு எந்தக் காசுன்னு எனக்குத் தெரியாதா? பனிக்கால டயர் மாத்த ஒதுக்கி வச்சது. ஒதுக்கி வைக்கச் சொன்னதே நான்தான்! வெளிய நிக்குதே உங்க டிரக், டயரெல்லாம் மொட்டை. அடுத்த வாரம் பனி கொட்டப்போகுது. எங்கேயாவது வழுக்கிப் பள்ளத்துல விழுந்தா ஹெரன் லேக்காரனா வந்து தூக்குவான்?"

ஹெல்வி பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினாள்.

"ஏலக்காய் ரொட்டி. ஒரு வாய் சாப்பிடு. முகமெல்லாம் சிவந்து போச்சு பாரு."

"எனக்கு ரொட்டி வேண்டாம் ஹெல்வி! நீங்களாவது இவருக்குப் புத்தி சொல்லுங்க."

"அவர் கேக்கறதை வாங்கிக் குடுத்துடும்மா. இந்தக் குளிர்ல டிரக்கை எடுத்துக்கிட்டு நாங்க எங்க போகப்போறோம்?"

கொலெட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருத்தர் தப்பு செய்தால் இன்னொருத்தராவது தடுக்க வேண்டாமா? இங்கே இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

"இதுக்குப் பேர் முதலீடு இல்ல, சூதாட்டம். ஒருநாள் ஒண்ணு பத்தாகும்னு பேராசை. கசினோல போய் உக்காந்துக்கலாமே, காப்பியாவது ஓசியில குடுப்பான்! நான் இதுக்குத் துணை போக மாட்டேன். வேற ஆளைப் பார்த்துக்குங்க."

ரெய்யோ நிமிர்ந்தார். "என்கிட்ட இருக்கிற ஹெரன் லேக் மொத்தமும் இன்னைய விலைக்கு எவ்வளவு வரும்?"

கொலெட் திரையைப் பார்த்தாள். "ஆயிரத்து நானூத்திச் சொச்சம். போட்டதுல பாதி கூட இல்ல."

"ரெண்டாயிரம் வேணும். அதுவும் ஆறு மாசம் கையில இருந்திருக்கணும். இன்னைக்கு விட்டா தேதி தப்பிடும்."

"எதுக்கு ரெண்டாயிரம்?"

"ரெண்டாயிரம் டாலருக்குப் பங்கு இருந்தாத்தான் கம்பெனியோட ஆண்டுக் கூட்டத்துல ஒரு கோரிக்கை வைக்கலாம். அப்படித்தான் சட்டம். அவங்க செலவுலயே அதை அச்சடிச்சு எல்லாப் பங்குதாரருக்கும் அனுப்பணும், ஓட்டுக்கும் விடணும். விலை இறங்கினா என் பங்கு ரெண்டாயிரத்துக்குக் கீழ போயிடுது. அதான் வாங்கிட்டே இருக்கேன்."

கொலெட் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "என்ன கோரிக்கை?"

ஹெல்விதான் சொன்னாள். "ரெண்டு வருஷம் முன்னாடி, சுரங்கத்துக்குள்ள ஆபத்துன்னா ஓடிப்போய் உக்கார்ற அறைக்கு ஆக்சிஜன். போன வருஷம், கல்தூசியைச் சுவாசிக்கிறவங்களுக்கு வருஷா வருஷம் நெஞ்சுக்கு எக்ஸ்ரே. இந்தத் தடவை, தலைமேல கல் விழாம இருக்க இரும்பு வலை."

"ஜெயிச்சாரா?"

"எங்கே! ரெண்டு தடவையும் ஓட்டுல மண்ணைக் கவ்வினார். ஆனா அத்தனை பேர் கண்ணுலயும் பட்டுடுச்சே, கம்பெனிக்கு வெக்கமாப் போச்சு போல. சத்தமில்லாம ரெண்டையும் செஞ்சுட்டாங்க."

"அங்க வேலை பார்க்கிறவங்களே கேக்கலாமே?"

"சின்னச் சுரங்கம்மா, யூனியன் கிடையாது" என்றார் ரெய்யோ. "கேட்டவனுக்கு அடுத்த மாசமே வேலை நாள் குறைஞ்சிடும். பங்குதாரர் கேட்டா தலைவரே எழுந்து நின்னு பதில் சொல்லணும்."

"இதை முன்னாடியே என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"அச்சடிக்கிறதுல என் பேர் வராது, தலைமை ஆபீசுக்கு மட்டும்தான் தெரியும். வெளிய சொன்னா ஊர் பூரா பரவும். உள்ளே இருக்கிறவங்கதான் என்னைத் தூண்டிவிட்டாங்கன்னு மேனேஜர் அவங்க மேல பாய்வான்."

கொலெட் எழுதவேண்டியதை எழுதி, அவர் கையெழுத்துப் போட நகர்த்தினாள். அவள் குரல் இறங்கியிருந்தது.

"ஆனா நீங்க சுரங்கத்துல வேலை பார்த்ததே இல்லையே ரெய்யோ. ஸ்கூல் பஸ்தானே ஓட்டினீங்க?"

"ஆமா. முப்பது வருஷம் ஒரு பிள்ளைக்குக் கீறல் படாம வீட்டு வாசல்ல கொண்டுபோய் விட்டேன்" என்றார் ரெய்யோ, கையெழுத்துப் போட்டுக்கொண்டே. "அந்தப் பிள்ளைங்கதான் இப்ப தினமும் அந்தக் குழிக்குள்ள இறங்குறாங்க."