எதிரணிக்கு ஒரு கூச்சல்

மாவட்ட அளவிலான கவுண்டி கால்பந்து இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடம். இரு அணிகளும் சமம். எதிரணிக்காரன் பந்தோடு ஓடிவந்தான்.

"அடிடா, மேல தூக்கி அடி!" என்று ஓர்லா கத்தினாள்.

பந்து கோல் கம்பத்துக்கு மேலே பறந்தது; இந்த வகை ஆட்டத்தில் அதற்கும் ஒரு புள்ளி உண்டு. புள்ளியை அறிவிக்கும் வெள்ளைக் கொடி ஆடியது. ஒரு புள்ளியில் அவளுடைய ஊர் தோற்றது.

பக்கத்திலிருந்த மாலக்கி கொதித்தார். "நம்ம ஊர்ச் சட்டையைப் போட்டுக்கிட்டு அவனுக்கா கத்துற? கோல்ல நிக்கிற உன் டோனல் மூஞ்சியைப் பாரு!"

"சமமா முடிஞ்சிருந்தா மறுஆட்டம் என்னிக்கு?"

"வர்ற சனிக்கிழமை."

"அன்னிக்குத்தானே எனக்கும் டோனலுக்கும் கல்யாணம்?"

"அதனாலென்ன? தள்ளி வெச்சிருக்கலாமே!"

புழுக்கம் தாங்காமல் அவர் மஃப்ளரைக் கழற்றினார். பாதிரியாரின் வெள்ளைக் கழுத்துப்பட்டி தெரிந்தது.

"அரையிறுதிக்காக ஒரு தடவை தள்ளி வெச்சவரு நீங்கதானே, ஃபாதர்? அதான் கத்தினேன்."