கடவுள் பெயரின் நடுவில்

“நீ மெல்ல வா, வழியெல்லாம் நின்னு நின்னு போறவன் நான்தானே” என்று சொல்லி, வாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டு கணவன் எல்கானா முன்னால் கிளம்பினான். சிப்போராள் தலைக்குத் துணி கட்டிக்கொண்டு தெருமுனைக்கு வருவதற்குள், யூதர்களின் தொழுகைக்கூடத்தை வெளியே தாழிட்டுக் கொளுத்தியிருந்தார்கள். உள்ளே போன பாடகர்களில் எல்கானா உட்பட ஒருவரும் திரும்பவில்லை.

ஊர் மாறி வந்தவள், அவர்கள் வெள்ளிக்கிழமைதோறும் பாடிய பழைய எபிரேயத் துதியை நினைவிலிருந்து நான்கு குரல்களுக்கு எழுதிக் கொடுத்தாள். புதிய ஊரின் பாடகர் குழுவை நடத்தும் ஆசேர், மூன்றாம் வரியில் பென்சிலை ஊன்றினான்.

“அக்கா, இங்க எல்லாரும் மூச்சு வாங்கணும்னு குறிச்சிருக்கீங்க. கடவுள் பேரே ரெண்டா உடையுதே.”

“உடையட்டும் தம்பி. எங்க வீட்டுக்காரருக்கு இழுப்பு. அவர் மூச்சு வாங்குற வரைக்கும் மொத்தக் குழுவும் நிக்கும். கடவுளும் அவருக்காகக் காத்து நின்னவருதான்.”

“கேக்கிறவங்க சிரிப்பாங்க. எடுத்துடட்டுமா?”

“கொளுத்தினவங்க எடுக்க முடியாம விட்டது அது ஒண்ணுதான். நீங்க எடுக்கிறதா இருந்தா தாளைக் குடுங்க, நான் போறேன்.”

ஆசேர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கையை உயர்த்தினான். மூன்றாம் வரியின் நடுவில் எல்லாத் தொண்டைகளும் நின்றன. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பாட்டை மேலே தொடரச் சொல்லி ஆசேரின் கை இறங்கப் பார்த்தது. சிப்போராள் தலையசைத்து மறுத்தாள். எல்கானா நெஞ்சை நீவிக்கொண்டு மூச்சை இழுத்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் பாட்டு நின்றது.