கூடையில் ஒரு துண்டு

பழந்தின்னி வௌவால் தோப்பில் குட்டி தவறி விழுந்தால், காவல்காரி அதைத் துண்டில் சுற்றிக் கூடையில் வைத்து, சாயங்காலம் தாழ்ந்த கிளையில் கட்டிவிடுவாள். தாய் வாசனை பிடித்து வந்து தன் குட்டியைத் தூக்கிப் போகும். துண்டு சுருண்டு கிடக்கும். அவள் புருஷன் செத்த பிறகு ஒரு நாள், காலையில் பார்த்தால் துண்டு மடித்து வைத்திருந்தது. ஓரங்களை உள்ளே செருகி, அவன் மடிக்கிற மாதிரியே.

"காத்தா இருக்கும்க்கா," என்றான் தோட்டக்காரன்.

"காத்துக்கு மடிக்கத் தெரியுமா? கட்டினவனுக்கே நான்தான் கத்துக்கொடுத்தேன்."

அன்று குட்டி எதுவும் விழவில்லை. இருந்தும் கூடையைக் கட்டினாள். நாளெல்லாம் தன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, வியர்வையோடு அப்படியே உள்ளே போட்டாள்.

காலையில் கூடையில் ஒன்றும் இல்லை.